புதுப் பேடு போட்ட பின் கிரீச்சிடும் டிஸ்க் பிரேக்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தேய்ந்துபோன பிரேக் பேடைக் (டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கட்டையைக்) கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிய வண்டி, அடுத்த சிக்னலில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கிரீச்சிட்டால், வாங்கிய பேடு போலியோ என்ற சந்தேகமே முதலில் எழும். போலிச் சரக்கு சந்தையில் உண்டு என்பது உண்மைதான். ஆனால் என் அனுபவத்தில் குற்றம் பெரும்பாலும் புதிய பேடில் இருப்பதில்லை. அதைச் சுற்றியிருக்கும் பழைய டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டு), பேடை அழுத்தும் அழுக்கேறிய பிஸ்டன், காய்ந்துபோன ஸ்லைடு பின் ஆகியவற்றில்தான் இருக்கிறது. ஆகவே இன்னொரு ஜோடி பேடு வாங்குவதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பொழுதை ஒதுக்கிக் கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் செய்து பார்ப்பது நல்லது. முன்சக்கரத்தில் ஒற்றை டிஸ்க்கும், ஒன்று அல்லது இரண்டு பிஸ்டன் கொண்ட நகரும் வகைக் காலிப்பரும் (பேடுகளைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) உள்ள 125 முதல் 200 சிசி வரையிலான வண்டிகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பின்சக்கர டிஸ்க்குக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

சத்தம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால்தான் செய்யும் வேலைக்குக் காரணம் புரியும். கரும்பலகையில் சாக்பீஸைச் செங்குத்தாகப் பிடித்து இழுத்தால் காது கூசும்படி ஒரு சத்தம் வரும். சாக்பீஸின் முனை பலகையில் ஒட்டுகிறது, உடனே வழுக்குகிறது, மறுபடி ஒட்டுகிறது. இந்த ஒட்டலும் வழுக்கலும் ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான முறை நடப்பதால் உண்டாகும் நடுக்கமே அந்தச் சத்தம். அதே சாக்பீஸைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் சத்தம் போய்விடுகிறது. சாக்பீஸும் மாறவில்லை, பலகையும் மாறவில்லை. இரண்டும் உரசும் விதம் மட்டுமே மாறியது. பிரேக்கிலும் நடப்பது இதுவே. பேடு டிஸ்க்கில் ஒட்டி வழுக்கும்போது எழும் நடுக்கத்தை டிஸ்க் மணியைப் போல வாங்கிப் பெருக்கி ஒலிக்கிறது. எனவே நாம் செய்யப்போவதெல்லாம் மூன்று வேலைகள்தான்: பேடும் டிஸ்க்கும் முழுப் பரப்பும் படிந்து உரசும்படி செய்வது, ஆடக் கூடாதவை ஆடாமல் பார்த்துக்கொள்வது, நகர வேண்டியவை தடையின்றி நகரும்படி செய்வது.

முதலில் சத்தத்தைக் கேளுங்கள்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பு, போக்குவரத்து இல்லாத தெருவில் வண்டியை மெதுவாக ஓட்டி, முன்பிரேக்கையும் பின்பிரேக்கையும் தனித்தனியே பிடித்துப் பார்க்க வேண்டும். பின்பிரேக்கில் எழும் சத்தத்துக்கு முன்பிரேக்கைப் பிரித்துப் போட்டவர்கள் உண்டு. எந்தச் சக்கரம் என்று தெரிந்த பிறகு, எப்படிப்பட்ட சத்தம் என்று கவனியுங்கள்.

வேகம் குறைந்து வண்டி நிற்கப்போகும் நேரத்தில் மெல்லிய உயர்ந்த குரலில் கிரீச்சென்று வந்தால் அது நாம் மேலே பார்த்த நடுக்கம். இக்கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியதே. பிரேக் பிடிக்காதபோதும் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ‘சர்… சர்…’ என்று வந்தால் டிஸ்க் கோணியிருக்கலாம், அல்லது பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காமல் பேடு உரசிக்கொண்டிருக்கலாம். பிரேக் பிடித்த கணத்தில் ‘டொக்’ என்று ஒரே ஒரு சத்தம் கேட்டால் பேடு அதன் இருக்கையில் ஆடுகிறது. பழைய பேடைக் கழற்றும்போது உள்ளேயிருந்த மெல்லிய தகட்டு ஸ்பிரிங் கீழே விழுந்து குப்பையோடு போயிருக்கும். இரும்பை இரும்பு தின்னும் ‘கரகர’ சத்தம் வந்தால் அதற்குமேல் ஒரு அடிகூட ஓட்டாமல் பிரித்துப் பார்க்க வேண்டும். பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே சிறு கல் மாட்டியிருக்கலாம். பேடையே திருப்பிப் போட்டு, அதன் இரும்புத் தகடு டிஸ்க்கை உரசிக்கொண்டிருக்கவும் கூடும். சிரிப்பாகத் தோன்றினாலும், முதன்முறை பேடு மாற்றுபவர்களில் சிலர் இதைச் செய்துவிடுகிறார்கள்.

மழை நாளின் மறுநாள் காலையிலும், கடலோர ஊர்களில் ஓரிரு நாள் நிறுத்திவைத்த வண்டியிலும் முதல் நாலைந்து பிரேக்குக்கு மட்டும் சத்தம் வந்து பிறகு தானே அடங்கிவிட்டால், அது டிஸ்க்கின்மேல் படிந்த மெல்லிய துரு. உரசலில் அது தேய்ந்துவிடும். ஒன்றும் செய்ய வேண்டாம்.

பேடைப் பழக்குதல்

புதிய பேடின் முகம் தட்டையாக இருக்கும்; ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய டிஸ்க்கின் முகமோ நுண்ணிய வரிகளும் பள்ளங்களும் நிறைந்தது. இரண்டும் ஒன்றோடொன்று படியும்வரை பேடின் ஒரு சில இடங்கள் மட்டுமே டிஸ்க்கைத் தொடும். படிந்த பிறகு பேடின் பொருள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக டிஸ்க்கில் ஏறி, உரசல் சீராகும். எஞ்சினுக்கு ரன்னிங்-இன் பார்ப்பது போல இதுவும் ஒரு பழக்கம்தான். ஆனால் இதைச் சொல்லித் தரும் மெக்கானிக்குகள் குறைவு.

செய்ய வேண்டியது இதுதான். பின்னால் வண்டி வராத, நேரான, காய்ந்த சாலையில் மணிக்கு சுமார் 50 கி.மீ. வேகத்தில் போய், சக்கரம் பூட்டிக்கொள்ளாத அளவுக்கு நிதானமாகவும் உறுதியாகவும் பிரேக் பிடித்து, வேகத்தைச் சுமார் 10 கி.மீ.க்குக் கொண்டுவர வேண்டும். முற்றிலும் நிறுத்திவிடக் கூடாது. மறுபடி வேகமெடுத்து, டிஸ்க்கில் காற்றுப் படும்படி ஓரிரு நூறு மீட்டர் ஓடிய பிறகு மீண்டும் அதுபோலவே பிடிக்க வேண்டும். இப்படி 8 முதல் 10 முறை செய்தபின், முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல் சில நிமிடங்கள் ஓட்டி ஆறவிட வேண்டும். சூடேறிய நிலையில் வண்டியை நிறுத்தி லீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால், பேடின் பொருள் டிஸ்க்கின் ஒரே இடத்தில் அச்சுப்போல ஒட்டிக்கொள்ளும்; பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் வரும்போது லீவர் அதிரும்.

முதல் 200, 300 கி.மீ. வரை லேசான கிரீச்சொலி வந்து போவது இயல்பே. அந்தத் தூரத்துக்குள் சத்தம் குறைந்துகொண்டே வந்தால் பொறுத்திருங்கள். பழக்கிய பிறகும் குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, வண்டி முன்புபோல் சட்டென்று நிற்கவில்லை என்று தோன்றினாலோ பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

இங்கே பேடின் வகையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பிசினில் பிணைத்த ஆர்கானிக் பேடு மென்மையானது. சத்தம் குறைவு, தேய்மானம் அதிகம். உலோகத் தூளை வெப்பத்தில் அழுத்திச் செய்யும் சின்டர்டு பேடு நீடித்து உழைக்கும், ஈரத்திலும் நன்றாகப் பிடிக்கும்; ஆனால் கெட்டியானது என்பதால் சத்தமிடும் இயல்பும் கூடுதல். வண்டியோடு வந்தது ஆர்கானிக்காக இருந்து, நீங்கள் வாங்கியது சின்டர்டாக இருந்தால், நாள் முழுவதும் சுத்தம் செய்தாலும் பழைய அமைதி அப்படியே திரும்பும் என்று எதிர்பார்க்க முடியாது. தினமும் அலுவலகம் போய்வரும் வண்டிக்குத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட வகையே போதும் என்பது என் கருத்து.

பிரிக்கும் முன் தேவையானவை

காலிப்பர் போல்ட்டுக்கான ஸ்பேனர் அல்லது ஆலன் கீ, பழைய டூத் பிரஷ், பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பு, பனியன் வேஸ்ட், பிரேக் கிளீனர் ஸ்பிரே, 100 அல்லது 120 எண் உப்புத்தாள், தட்டையான கண்ணாடித் துண்டு, சிறு அரம், சிலிக்கான் கிரீஸ், காலிப்பருக்கென்று விற்கும் செராமிக் பேஸ்ட் ஆகியவற்றை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். இவையெல்லாம் சென்னை ஜி.பி. ரோடு போன்ற உதிரிபாகச் சந்தையில் மட்டுமல்லாமல் எல்லா ஊர்களிலும் பெரிய கடைகளில் கிடைப்பவையே. முகக்கவசமும் கட்டாயம் தேவை. பிரேக் தூசியை வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ கூடாது. பழைய பேடுகளில் கல்நார் கலந்திருக்க வாய்ப்புண்டு. கல்நார் இல்லாவிட்டாலும் அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நனைத்துத் துடைத்தெடுப்பதே சரியான முறை.

இன்னொன்று: பழைய பேடுகளைத் தூக்கியெறியாதீர்கள். அவை உங்கள் பிரேக்கின் ஜாதகம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று முழுதாகத் தேய்ந்து மற்றது பாதியே தேய்ந்திருந்தால் காலிப்பர் தன் ஸ்லைடு பின்களின்மேல் சரியாக நகரவில்லை. ஒரே பேடு ஆப்பு வடிவில் ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் தேய்ந்திருந்தால், காலிப்பர் கோணலாக நிற்கிறது அல்லது ஒரு பின் மட்டும் இறுகியிருக்கிறது. பழைய பேடைக் கோணலாகத் தேய்த்த அதே குறைதான் இப்போது புதிய பேடையும் கிரீச்சிட வைக்கிறது.

கழற்றுதல்

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் சமதளத்தில் நிறுத்துங்கள். பேடுகளைத் தாங்கும் ஊசி (பேடு பின்) திருகிக் கழற்றும் போல்ட் வகையாக இருந்தால், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் காலிப்பர் இறுக்கமாக இருக்கும்போதே அதைச் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். காலிப்பரைக் கழற்றிய பிறகு அதைத் திருக முயன்றால் ஒரு கையால் காலிப்பரையும் மறுகையால் ஆலன் கீயையும் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். போல்ட்டின் தலை வழுக்கிவிட்டால் வேலை லேத் பட்டறைவரை போய்விடும். அதன்பின் ஃபோர்க்கில் காலிப்பரைத் தாங்கும் இரண்டு போல்ட்டுகளையும் கழற்றி, காலிப்பரை வெளியே எடுத்து, ஒரு கயிற்றால் ஹேண்டில்பாரில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் குழாயில் அதன் எடை தொங்கக் கூடாது. காலிப்பர் வெளியே இருக்கும்போது யாரும் லீவரை அழுத்தவும் கூடாது. அழுத்தினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் லீவருக்கும் கைப்பிடிக்கும் இடையே ஒரு துண்டு மரத்தைச் செருகி வைப்பது உத்தமம்.

ஏ.பி.எஸ். (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு) உள்ள வண்டிகளில் கூடுதல் கவனம் வேண்டும். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரல் முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் முதலும் இந்தியாவில் ஏ.பி.எஸ். கட்டாயமானதால், அண்மைக்கால வண்டிகளில் டிஸ்க்குக்கு அருகிலேயே துளையிட்ட ஒரு வளையமும், அதைப் படிக்கும் சென்சாரும் இருக்கும். அவற்றில் காலிப்பர் இடிக்காமலும், கிரீஸ் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிஸ்டன்: பலரும் தவறவிடும் இடம்

பேடு தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வந்துகொண்டே இருக்கும். வெளியே வந்த பகுதியில் சாலைத் தூசியும் பேடுத் தூசியும் சேர்ந்து கருப்புப் பட்டைபோல் இறுகிவிடும். புதிய பேடு தடிமனானது என்பதால் அதை மாட்டுவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது, அந்த அழுக்கையும் சேர்த்து, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான சீலுக்குள் தள்ளிவிடுகிறோம். பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பதற்கென்று காலிப்பரில் தனியாக எந்த ஸ்பிரிங்கும் இல்லை. பிரேக் பிடிக்கும்போது அந்தச் சதுர வெட்டுள்ள ரப்பர் வளையம் பிஸ்டனோடு சேர்ந்து சற்று முறுக்கிக்கொள்கிறது. லீவரை விட்டதும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் மயிரிழை அளவு பின்னே இழுத்துக்கொள்கிறது. பிரேக் விடுபடுவதற்கு இருக்கும் முதன்மையான ஏற்பாடு இதுதான். அழுக்கேறினால் அந்த மயிரிழைப் பின்வாங்கல் நடக்காது. பேடு ஓயாமல் உரசும், சூடேறும், பளபளப்பாகும், கத்தும்.

ஆகவே பிஸ்டனை உள்ளே தள்ளுவதற்கு முன்பு சுத்தம் செய்ய வேண்டும். பேடுகளைக் கழற்றிவிட்டு, காலிப்பரின் வாயில் ஒரு மரத்துண்டைத் தடுப்பாக வைத்துக்கொண்டு, லீவரை மிக மெதுவாக அழுத்திப் பிஸ்டனை இன்னும் நாலைந்து மி.மீ. மட்டும் வெளியே கொண்டுவாருங்கள். இரண்டு பிஸ்டன் இருந்து ஒன்று மட்டும் நகர்ந்தால், நகர்வதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்றதை வரவையுங்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்த டூத் பிரஷால் பிஸ்டனைச் சுற்றிலும் தேய்த்து, பிரஷ் எட்டாத பின்பக்கத்தில் பனியன் துணியை நாடாபோல் கிழித்து, தயிர் கடையும் மத்துக்கயிற்றை இழுப்பது போல முன்னும் பின்னும் இழுத்துத் துடைத்தால், கருப்பு நீங்கி உலோகம் மின்னும். கம்பி பிரஷோ உப்புத்தாளோ இங்கே ஆகாது. பிஸ்டனில் விழும் ஒரு கீறல் சீலை அறுத்துவிடும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், சாதாரண கிரீஸ் ஆகியவையும் கூடாது. பேச்சுவழக்கில் பிரேக் ஆயில் என்று சொன்னாலும் வண்டிகளில் உள்ள டாட் 3, டாட் 4 திரவம் எண்ணெய் அல்ல. அதற்கேற்ற ரப்பரால் செய்த சீல்கள் பெட்ரோலியப் பொருள் பட்டால் உப்பிவிடும். சுத்தமான பிஸ்டனில் அதே பிரேக் திரவத்தை ஒரு துளி தடவி, விரலால் நேராக அழுத்தி உள்ளே தள்ளுங்கள். விரலால் நகர மறுத்தால் பழைய பேடை இடையில் வைத்து, திருகி இறுக்கும் சீ-கிளாம்ப்பால் மெல்ல அழுத்தலாம். அதற்கும் நகராவிட்டால் காலிப்பரை முழுதாகப் பிரித்துச் சீல் மாற்ற வேண்டியிருக்கும். அதைப் பழகிய மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே லீவருக்கு அருகிலுள்ள கிண்ணத்தில் திரவ மட்டம் உயரும். பேடு தேய்ந்திருந்த காலத்தில் மட்டம் குறைந்ததைப் பார்த்து யாராவது ஊற்றி நிரப்பியிருந்தால், அது இப்போது பொங்கி வழிந்து டேங்க்கின் பெயிண்டைத் தின்றுவிடும். மூடியைத் திறந்து, சுற்றிலும் துணி கட்டி, மேல் கோட்டைத் தாண்டும் திரவத்தை மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்சால் எடுத்துவிடுங்கள். சிந்திவிட்டால் துடைப்பதோடு நிற்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். அது தண்ணீரில் கரையக்கூடியது.

ஸ்லைடு பின், ஸ்பிரிங், பேடின் முகம்

நகரும் வகைக் காலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அது ஒரு பேடை அழுத்த, எதிர்விசையில் காலிப்பரே நகர்ந்து வந்து மறு பேடை அழுத்தும். அந்த நகர்வைத் தாங்குபவை ரப்பர் உறைக்குள் இருக்கும் இரண்டு ஸ்லைடு பின்கள். அவற்றை உருவி எடுத்து, காய்ந்து பழுப்பேறிய கிரீஸை முழுதாகத் துடைத்து, சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவி மறுபடி செருகுங்கள். கையால் தள்ளினால் வெண்ணெயில் கத்தி போவது போலப் போய்வர வேண்டும். கிழிந்த ரப்பர் உறையை மாற்றிவிடுங்கள். அதன் வழியே மழைநீர் புகுந்தால் அடுத்த பருவத்துக்குள் ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகிவிடும். பேடைத் தாங்கும் பின்னில் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பேடு அந்தப் பள்ளத்தில் சிக்கி நின்று நடுங்கும்.

இப்போது புதிய பேடைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடிய என் பேடை அப்படிப் பார்த்தபோது, முகத்தின் பெரும்பகுதி கடையிலிருந்து வந்தபடியே கரடுமுரடாகக் கிடக்க, வெளி விளிம்பை ஒட்டி விரல்நகத்தின் அகலத்துக்கு ஒரே ஒரு பட்டை மட்டும் கண்ணாடியாக மின்னியது. டிஸ்க்கின் ஓரத்தை நகத்தால் தடவியதும் விஷயம் விளங்கியது. ஆண்டுக்கணக்கில் பேடு உரசிய பாதை தேய்ந்து தாழ்ந்துபோக, உரசாத வெளியோரம் மட்டும் பாத்திர விளிம்புபோல் உயர்ந்து நின்றது. புதிய பேடு அந்த விளிம்பின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தது. விளிம்பில் நிற்கும் பேடு, செங்குத்தாகப் பிடித்த சாக்பீஸேதான்.

இதற்கு வைத்தியம் எளிது. பேடின் உரசும் பரப்பில் டிஸ்க் முதலில் நுழையும் ஓரத்தையும், உயர்ந்த விளிம்பைத் தொடும் ஓரத்தையும் அரத்தால் சாய்வாகச் சீவிவிட வேண்டும். ஒன்று அல்லது ஒன்றரை மி.மீ. போதும், பேடின் பரப்பைக் குறைத்துவிடும் அளவுக்குச் சீவக் கூடாது. பிறகு கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை விரித்து, பேடின் முகத்தை அதில் வைத்து, 8 என்று எழுதுவது போலப் பத்துப் பன்னிரண்டு முறை தேய்த்தால் பளபளப்பு நீங்கிச் சாம்பல் நிறத்தில் மங்கிய முகம் வெளிப்படும். கையில் பிடித்துக்கொண்டு தேய்த்தால் முகம் வளைந்துவிடும் என்பதால்தான் கண்ணாடி. ஹேக்சா பிளேடால் பேடின் குறுக்கே ஒரு வெட்டுப் போடும் பழக்கமும் சில பட்டறைகளில் உண்டு. அதனால் சத்தம் அடங்குவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஏற்கெனவே பள்ளம் உள்ள பேடில் இன்னொரு வெட்டு விழுந்தால் ஓரம் உதிர்ந்துவிடக்கூடும் என்பதால் புதியவர்கள் அதில் இறங்க வேண்டாம்.

பேடில் எண்ணெய்க் கறை இருந்தால் நிலைமை வேறு. செயினுக்கு லூப் (உயவு எண்ணெய்) அடிக்கும்போது பின் டிஸ்க்கில் தெறித்த துளிகள், ஃபோர்க் சீலிலிருந்து கசியும் எண்ணெய், வண்டியைப் பளபளப்பாக்க அடிக்கும் சிலிக்கான் ஸ்பிரே ஆகிய எது பட்டாலும் பேடு பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்ளும். அடுப்பில் காட்டி எரிக்கலாம், பெட்ரோலில் ஊறவைக்கலாம் என்று யோசனை சொல்வார்கள். எரித்தால் மேற்பரப்பு எண்ணெய் போகும். உள்ளே இறங்கியது அடுத்த சூட்டில் மறுபடி மேலே வரும். அப்படிப்பட்ட பேடை மாற்றுவதே வழி. மாற்றும் முன் கசிவை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஜோடியும் பாழ். சத்தத்தை அடக்க டிஸ்க்கில் ஒரு சொட்டு ஆயில் விடச் சொல்பவர் எவராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். சத்தம் நிற்கும், வண்டி நிற்காது.

டிஸ்க்

டிஸ்க்கின் இரு பக்கங்களையும் உப்புத்தாளால் வட்டவட்டமாகத் தேய்த்துப் பழைய பேடின் படலத்தை நீக்கிவிட்டு, பிரேக் கிளீனரால் துடைத்தெடுங்கள். துணியில் கருப்பு வராதவரை துடைக்க வேண்டும். டிஸ்க்கின் மையத்தை ஒட்டி, குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று மி.மீ. கணக்கில் பொறித்திருப்பார்கள், 4 மி.மீ. டிஸ்க்குக்குப் பொதுவாக 3.5 மி.மீ. எல்லை. அளக்கும்போது வெர்னியரின் இரு தாடைகளும் உயர்ந்த விளிம்பில் உட்கார்ந்துவிட்டால் தேய்ந்த டிஸ்க்கும் புதியதுபோல் காட்டும். திருகு அளவியால் உரசும் பாதையின் நடுவில் அளப்பதே சரி. கோணலைக் கண்டறிய, ஒரு பிளாஸ்டிக் டையை ஃபோர்க்கில் கட்டி அதன் முனை டிஸ்க்கைத் தொடாமல் தொடும்படி வைத்துச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். இடைவெளி சீராக இருந்தால் நல்லது. கூடிக் குறைந்தால், கோணலை நுட்பமாக அளக்கும் டயல் கேஜ் வைத்திருப்பவரிடம் காட்டுங்கள். பல தயாரிப்பாளர்கள் 0.3 மி.மீ. வரைதான் அனுமதிக்கிறார்கள். கோணிய டிஸ்க்கைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவது வேண்டாத வேலை.

மாட்டுதல்

செராமிக் பேஸ்ட்டைப் பேடின் முதுகில் பிஸ்டன் தொடும் வட்டத்திலும், பேடின் காதுகள் காலிப்பரில் உட்காரும் இடங்களிலும் தடவ வேண்டும். அளவு, வெட்டிய வெங்காயத்தால் தோசைக்கல்லில் எண்ணெய் தேய்ப்போமே, அவ்வளவுதான். அதிகம் தடவினால் முகத்துக்கு வந்துவிடும். இந்தப் பசை பேடுக்கும் பிஸ்டனுக்கும் இடையே மெத்தைபோல் இருந்து நடுக்கத்தை விழுங்குகிறது. பழைய பேடின் முதுகில் மெல்லிய தகடு இருந்திருந்தால் அதுவும் இதே வேலைக்குத்தான். மறக்காமல் புதியதன் முதுகில் பொருத்துங்கள். ஸ்பிரிங்கின் திசையையும் சரிபாருங்கள். கழற்றும்போதே போனில் ஒரு படம் எடுத்துவைத்திருந்தால் இந்த இடத்தில் கைகொடுக்கும். காலிப்பர் போல்ட்டுகளை வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனரால்) இறுக்குங்கள்; பல வண்டிகளில் அது 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும்.

கிண்ணத்தின் மூடியைப் போட்டு இறுக்கிய பிறகு, வண்டியில் ஏறுவதற்கு முன்பு, லீவர் கெட்டியாகும்வரை பத்துப் பதினைந்து முறை அழுத்தி விடுங்கள். இதைத் தடித்த எழுத்தில் படித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தள்ளிய பிஸ்டனுக்கும் பேடுக்கும் இடையே இடைவெளி இருப்பதால் முதல் சில அழுத்தல்களில் பிரேக்கே இருக்காது. முதன்முறை இந்த வேலையைச் செய்து முடித்த பெருமையில் நான் வண்டியில் ஏறி, எங்கள் குடியிருப்பின் சரிவான வாசல்பாதையில் இறங்கினேன். கீழே வந்து லீவரைப் பிடித்தபோது அது எந்த எதிர்ப்பும் இல்லாமல் கைப்பிடிவரை போய் முட்டியது. பின்பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று மூளைக்கு எட்டுவதற்குள் கீழ்வீட்டு அம்மாவின் துளசி மாடத்தில் முன்சக்கரம் மோதி நின்றது. மாடத்துக்குச் சேதமில்லை, அந்த அம்மா மட்டும் பல நாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் துளசியைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டார். பதினைந்து முறை அழுத்தியும் லீவர் மெத்தென்றே இருந்தால் குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறது. காற்றெடுக்காமல் வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இத்தனையும் முடிந்தபின் மறுபடி பேடைப் பழக்க வேண்டும். முகத்தைத் தேய்த்துவிட்டதால் அது மீண்டும் புதிய பேடுதான். மேலே சொன்ன 50-லிருந்து 10 கி.மீ. ஓட்டத்தை முதலிலிருந்து செய்யுங்கள். அதன் பிறகும் அதே குரலில் கத்தினால், ஃபோர்க்கின் கோன் செட்டும் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்) சக்கர பேரிங்கும் ஆடுகின்றனவா என்று பார்த்துவிட்டு, கடைசியாகத்தான் வேறு வகைப் பேடுக்குப் போக வேண்டும்.

பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ளவர்களுக்குச் சுருக்கமாக: புதிய பிரேக் ஷூ போட்டபின் சத்தம் வந்தால், டிரம்மின் உட்புறத் தூசியை ஈரத்துணியால் துடைத்து, ஷூவின் முகத்தையும் டிரம்மின் உட்சுவரையும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஷூவை விரிக்கும் கேமின் தண்டில் மட்டும் துளி கிரீஸ் வையுங்கள். டிரம்மின் உள்விட்ட எல்லை அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், 130 மி.மீ. டிரம்முக்கு அது பொதுவாக 131 மி.மீ. அதைத் தாண்டியிருந்தால் ஷூ மாற்றிப் பயனில்லை.

300 கி.மீ. ஓடியதும் ஒருமுறை டார்ச் அடித்துக் காலிப்பரின் இடுக்கு வழியே பாருங்கள். பேடு இரண்டும் ஒரே தடிமனில் இருந்து, டிஸ்க்கின் பாதை முழுவதும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தால் படிந்துவிட்டது என்று அர்த்தம். அப்போதே காலிப்பர் போல்ட் இரண்டையும் ஸ்பேனரால் ஒருமுறை தொட்டு, தளரவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.